ஆட்டுக்கு நாலு வழிப் பாலம்

பிஷ்கெக் நகரத்துக் கணினி மேதை, என் தாய்மாமா துருஸ்பெக் அவர்களுக்கு, ஆற்றுக்கு இக்கரையில் அகப்பட்டிருக்கும் மருமகன் எல்தியார் பணிவோடு எழுதுவது. இங்கே மனிதர் நலம், ஆடுகள் மிக நலம். நீங்கள் அப்பாவுக்கு அனுப்பிய கணினிக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று ஐயம்.

அப்பா பாலம் கட்டும் திட்டத்துக்கு மேலாளர். முன்பெல்லாம் திட்டும் மேலாளர். இப்போது திட்டுவதற்குக்கூடத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார். பழைய மரப்பாலத்தில் நீங்கள் மாட்டச் சொன்ன எண்ணும் கருவி போன வாரம் வரை நாளொன்றுக்குப் பத்து வண்டி, பன்னிரண்டு வண்டி என்று ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அப்புறம் மலை மேய்ச்சலிலிருந்து மந்தைகள் இறங்கின பாருங்கள், ஒரே நாளில் ஆறாயிரம் வண்டி! உடனே திரை, “ஒரு வழிப் பாலம் போதாது, வேலையை நிறுத்து, நாலு வழிக்கு வரைபடம் போடு” என்றது. அப்பா நிறுத்தியே விட்டார். புதுப் பாலத்தின் மேல்தளத்தில் கடைசித் துண்டு மட்டும்தான் பாக்கி. இரண்டு வாரத்தில் பனி விழுந்தால் மரப்பாலத்தையும் மூடிவிடுவார்கள். ஜிபார் அக்காவுக்கோ மாதம் ஒன்பது, ஆஸ்பத்திரியோ அக்கரையில்.

மேய்ப்பர் மாம்பெத் பெரியப்பா அப்பா முன்னால் வந்து நின்றார். “தம்பி, அது என் ஆடுப்பா.”

“வண்டின்னு கணினி சொல்லுதுண்ணே.”

“அப்போ என் வண்டிக்கு வாலு இருக்கு, புல்லுல ஓடுது. அதையும் எழுதிக்கோ.”

அம்மா விடவில்லை. “பொண்ணுக்கு வலி வந்தா இந்தப் பெட்டியா தூக்கிட்டு ஆத்தைத் தாண்டும்?”

அப்பா நிதானமாகத் திட்டத்தின் இடர்ப் பட்டியலில் தட்டி ஏற்றினார்: “இடர் எண் பதினாலு, பிரசவம்.” திரை யோசித்துச் சொன்னது: “நடக்க வாய்ப்பு குறைவு.” அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எங்களுக்குத்தான் பயம்.

பொறுக்க முடியாமல் கருவியின் கண்ணில் என் கம்பளித் தொப்பியை மாட்டிவிட்டேன். ஆறாயிரம் சைபரானால் அப்பாவுக்குப் புத்தி வரும்னு நெனச்சது தப்பாப் போச்சு மாமா! “யாருமே கடப்பதில்லை, பாலமே வேண்டாம்” என்கிறது திரை. அப்பா திட்டத்தைக் கைவிடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். ஆகவே உடனே புறப்பட்டு வந்து, ஆடு எது, வண்டி எது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள். மருமகன் கேட்டு மாமன் மறுத்தால் ஊர் சிரிக்கும். முதலில் நான் சிரிப்பேன்.

உங்கள் வீட்டில் ரொட்டியும் மின்சாரமும் குறையாதிருக்கட்டும்.

அன்பு மருமகன்,
எல்தியார்

பி.கு.: மாமா, வர வேண்டாம். உறையை ஒட்டும்போதே அக்காவுக்கு வலி. அப்பா திரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளை டிராக்டரில் ஏற்றி, மரப்பாலம் கிறீச்சிடக் கிறீச்சிட அக்கரை சேர்த்துவிட்டார். பெண் குழந்தை, இருவரும் நலம். திரும்பி வந்தவர் சேற்றுக் காலோடு நின்று, “ஒரு வழியே போதும், நாளைக்கே வேலையை ஆரம்பிங்கடா!” என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினார். உங்கள் கணினியிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.