மணிவண்ணன் சொன்ன முடிவு

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது, மணிவண்ணன் மடியில் வைத்திருந்த பழைய நாவலின் கடைசிப் பக்கங்கள் பிய்ந்து ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டன. அவன் இன்னும் அவற்றைப் படிக்கவில்லை.

சோளக்காடு வாசகர் வட்டத்துக்கு அந்த ஒரே பிரதிதான். ஒருவர் படித்து அடுத்தவருக்குக் கொடுப்பார். பிறகு எல்லோரும் கூடிப் பேசுவார்கள். இந்த நாவலை முதலில் படிக்க வாங்கியவன் மிளகு வியாபாரி மணிவண்ணன். அடுத்தது தையல் கடை ராதிகா. அவளிடம் பேசச் சாக்கு கிடைக்குமென்றுதான் அவன் வட்டத்திலேயே சேர்ந்திருந்தான்.

சேந்தமங்கலம் புத்தகக் கடைகளில் விசாரித்தான். "அது இப்ப அச்சுலயே இல்லீங்க" என்றார்கள். அட்டையை ஒட்டி, ஒன்றும் சொல்லாமல் ராதிகாவிடம் கொடுத்துவிட்டான்.

சில நாளில் அவள் அவனுடைய மிளகுக் கடைக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க, கடைசிப் பக்கமெல்லாம் காணமே?"

"எலி கடிச்சிருச்சுங்க. அதுக்கு முன்னாடியே நான் படிச்சுட்டேன்."

"அப்பச் சொல்லுங்க. கப்பலுக்குப் போனவன் வந்தானா? மரகதம் காத்திருந்ததெல்லாம் வீணா?"

அவள் கண் கலங்கியிருந்தது. மணிவண்ணனுக்கு மனசு கேட்கவில்லை.

"வந்துட்டானுங்க."

ராதிகா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் எத்தனை கப்பலை வேண்டுமானாலும் கரை சேர்த்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை வட்டம் கூடியது. அதை நடத்தும் நர்ஸ் கோகிலா விடவில்லை.

"இத்தன வருசம் ஒரு தகவலும் இல்லாதவன் எப்படிங்க வந்தான்?"

"வெளிநாட்டு ஜெயில்ல இருந்தானுங்க."

"அங்க வேற யாரையும் கட்டிக்கலயா?"

"சேச்சே! தங்கமான பையனுங்க. மரகதத்த நெனச்சு அழாத நாளே இல்ல. வந்ததும் மேளம் வெச்சுக் கல்யாணம்!"

ராதிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போதே மணிவண்ணனுக்கு நெஞ்சு உறுத்தியது. அவளிடம் போய் இவ்வளவு பொய்யா? மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவதென்று கிளம்பினான். தையல் கடை பூட்டியிருந்தது. எதிரே பலாப்பழம் விற்கும் அவள் பெரியம்மா பாப்பாத்தி கூப்பிட்டாள்.

"சாமி, உனக்கு அவளக் கட்டி வெக்கலாம்னு போன வாரந்தான் அவகிட்டக் கேட்டேன். மூஞ்சியிலயே சம்மதம் தெரிஞ்சுது. இன்னிக்கு என்னடான்னா, போர்வெல் வண்டியில வடக்க போய்த் தகவலே இல்லாத மாமன் பையன் வருவான், காத்திருக்கேங்கறா. எவனோ கதையில வந்துட்டானாமா! அந்த முடிவ எழுதுனவன் நல்லா இருப்பானா?"