ரோமுக்கும் பாரசீகத்துக்கும் நடுவில் வந்த பாமா

தொம்மலூர், பெங்களூரு
வியாழக்கிழமை

சௌபாக்கியவதி அனந்தலக்ஷ்மிக்கு உன் அண்ணா சேஷகிரி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உபய க்ஷேமம். வழக்கப்படி அப்படி எழுதிவிட்டேனே தவிர, இந்தப் பக்கத்து க்ஷேமம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதைத்தான் கீழே விவரிக்கப் போகிறேன். மாப்பிள்ளையின் முழங்கால் எப்படி இருக்கிறது? பதிலில் ஒரு வரி எழுது. போனில் கேட்டால் என்ன என்பாய். இந்த ஃப்ளாட்டில் போனில் பேசுவதும் மைக் வைத்துப் பேசுவதும் ஒன்று. அதனால்தான் தபால்.

நான் கேட்கும் காரியம் இதுதான். நம் குடும்பத்தில், அப்பா வழியிலோ அம்மா வழியிலோ, பாமா என்று ஒருத்தி கிடையவே கிடையாது என்று உன் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டும். வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அது இங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் அறை நிரந்தரமாகக் கைவிட்டுப் போய், மிச்ச காலத்தை ஹாலில் இருக்கிற திவானில் கழிக்க வேண்டியதுதான். யார் யாருக்கு என்ன உறவு என்கிற விஷயத்தில் உன் சொல்லுக்கு மேல் அப்பீல் இல்லை என்று என் பிள்ளை ரகுராமே சொல்லிவிட்டான்.

என் சம்பந்தி நரஹரி இங்கே வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும். மனைவி போன பிறகு அவர் மைசூரில் தனியாக இருக்க வேண்டாம் என்று வீணா தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நியாயம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ரகுராம் என் பிள்ளை, வீணா அவர் பெண், ஆகவே வீடு இரண்டு பேருக்கும் சமபாத்தியம். ஓர் அறை அவர்களுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. ஆனால் சம்பந்தியோடு சண்டை போடுவது எவ்வளவு சிரமம் என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். குரலை உயர்த்தக் கூடாது. முகத்தைச் சுளிக்கக் கூடாது. 'மாட்டேன்' என்ற வார்த்தையே கிடையாது. அதனால் நாங்கள் முழு மரியாதையோடு சண்டை போட்டோம். "நீங்க முதல்ல ஸ்நானம் பண்ணுங்கோ" என்று அவர் சொன்னால், கீசரில் இருந்த வெந்நீரை அவர் தீர்த்துவிட்டார் என்று பொருள். "பேப்பர் நீங்க பாருங்கோ" என்று நான் நீட்டினால், குறுக்கெழுத்தை நான் பேனாவால் முடித்துவிட்டேன் என்று பொருள். பால்கனியில் ஒரு சாய்வு நாற்காலி இருக்கிறது. அதை அவர் பிடிப்பார், நான் மீட்பேன், மறுபடி பிடிப்பார். ஒரு தடவை நான் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதன் மெத்தையைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அவர் பல் டாக்டரிடம் போன அன்று நான் அதை மீட்டு, கையில் தாங்கிக்கொண்டு ஹால் வழியாக மெதுவாக நடந்து வந்தேன். அந்த நிமிஷம் மனசுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

இந்த லட்சணத்தில் எங்கள் பேட்டை முதியோர் சங்கத்தில் சரித்திரம் பேசக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் சொன்னவன் சும்மா இருப்பேனா, பழைய சாம்ராஜ்யங்கள் தளர்ந்தது ஆரம்பகால அராபியர் வெற்றிக்கு எப்படி வழிவிட்டது என்று தலைப்பே நான் கொடுத்தேன். நீ படித்திருக்க மாட்டாய், சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழாம் நூற்றாண்டு. கான்ஸ்டான்டிநோபிளில் கிழக்கு ரோமப் பேரரசு, கிழக்கே பாரசீகப் பேரரசு. இரண்டும் கால் நூற்றாண்டு விடாமல் அடித்துக்கொண்டன. பாரசீகர் ஜெருசலேமைப் பிடித்து, அங்கே வைத்திருந்த ஏசுவின் சிலுவையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோமச் சக்கரவர்த்தி ஹெராக்லியஸ் மாதாகோவில் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கிக் காசாக அடித்துப் படை திரட்டிப் போய், எல்லாவற்றையும் மீட்டார். பாரசீக ராஜாவை அவர் பிள்ளையே கவிழ்த்தான். அதற்குப் பிறகு அந்த நாட்டில் யார் ராஜா என்று அந்த நாட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. நடுவில் கொள்ளைநோய் வேறு. கடைசியில் இரண்டு பக்கமும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தெற்கே பாலைவனத்திலிருந்து ஒற்றுமையாக ஒரு கூட்டம் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சிரியா, ஈராக், எகிப்து எல்லாம் அவர்கள் கையில். இந்தப் பாடத்தை ராப்பகலாகத் தயார் பண்ணிக்கொண்டிருந்தவன் நான். அது என் வீட்டுக்குள்ளேயே நடந்ததைக் கவனிக்காதவனும் நான்தான்.

கேள். போன மாசம் எனக்கும் சம்பந்திக்கும் ஒரே சமயத்தில் விஷ ஜுரம். வீட்டில் ஒரே தெர்மாமீட்டர், அதற்கும் போட்டி. ரகுராமும் வீணாவும் ஆபீஸ் போய்விட்டார்கள். சமையலுக்கு வருகிற முத்தம்மா வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு அம்மாள், அறுபது வயது இருக்கும், கையில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். சம்பந்தி போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்து "வாங்கோ வாங்கோ" என்றார். சரி, அவர் பக்கத்து மனுஷி என்று நினைத்தேன். சம்பந்தி வீட்டு மனுஷிக்கு உபசாரத்தில் குறை வைத்தேன் என்று பேச்சு வரக் கூடாதே. அந்த ஜுரத்தோடு எழுந்து போய்க் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு, பையை வாங்கி என் அறையிலேயே வைத்தேன்; அன்றிலிருந்து எனக்கு ஹால் திவானில்தான் படுக்கை. நான் அறையைக் கொடுத்ததைப் பார்த்ததும் அவர் இது எங்கள் பக்கத்து மனுஷி என்று நினைத்துவிட்டார். அவரும் விடுவாரா, தன் கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தார். 'நீங்கள் யார்' என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? "எங்காத்து மனுஷாளைத் தெரியலையா உங்களுக்கு" என்று எதிராளி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது.

முத்தம்மாவாவது எச்சரித்திருக்கலாம். முன்பெல்லாம் யுகாதிக்கு யுகாதி நான் அவளுக்குத் தனியாக ஒரு புடவை எடுத்துக் கொடுப்பேன். சம்பந்தி எழுந்துவிட்டாரா, கீசர் சுவிட்சைப் போட்டாரா என்று எல்லாம் சொல்லிவிடுவாள். இந்த வருஷம் போட்டிக்கு ஒரு சின்ன டிவி வாங்கி என் அறையில் வைத்ததில் கை வறண்டு புடவையை நிறுத்திவிட்டேன். சம்பந்தியும் தன் பங்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மைசூர்ப்பாகை நிறுத்திவிட்டாராம். ரோமர்களும் இதையேதான் பண்ணினார்கள். எல்லையில் காவல் இருந்த அராபியக் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவந்த மானியத்தை வெட்டினார்கள். பாரசீக ராஜா இன்னும் ஒரு படி மேலே போய், தன் பக்கத்து அராபியக் குறுநில மன்னனையே தீர்த்துக்கட்டினார். முத்தம்மாவிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரு பக்கம் நின்னு சொல்றது சார், ரெண்டு பக்கமும் ஒண்ணும் வரதில்ல" என்றாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன்.

வந்த அம்மாள் தன் பெயர் பாமா என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். நாலு நாளில் போய்விடுவாள் என்று நினைத்தேன். சிரியாவில் இருந்த ரோமத் தளபதிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜுரம் விட்டு எழுந்து பார்த்தால் சாய்வு நாற்காலியில் அவள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பிரச்சினையே இல்லாமல் போய்விட்டது. சாயங்காலம் ஹால் டிவியில் கன்னட சீரியல். வீணா க்ரீன் டீ குடிப்பாள், ரகுராம் பாலில்லாத காபி குடிப்பான். நானும் சம்பந்தியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அவர்களை இதற்காகத் தினமும் கண்டிப்பதுதான். கான்ஸ்டான்டிநோபிளும் இப்படித்தான், ஏசுவின் சுபாவம் ஒன்றா இரண்டா என்று சொந்தக் குடிகளையே சிரியாவிலும் எகிப்திலும் போட்டு வாட்டியெடுத்தது. பாமா வந்து, அவரவருக்குப் பிடித்ததை அவரவர் குடிக்கட்டும், டம்ளரை மட்டும் அலம்பி வைத்துவிடட்டும் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் அவள் போட்ட வரி. மறுநாளே வீணா அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டாள். டமாஸ்கஸ் ஊரார் உடன்படிக்கை பேசிக் கதவைத் திறந்துவிட்ட இடம் இது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. முத்தம்மாவை அவள் மாற்றவில்லை, பாத்திரம் இருந்த இடத்தை மாற்றவில்லை. எல்லாம் இருந்தபடியே இருந்தது, எங்கள் ராஜ்யம் மட்டும் இல்லை.

சங்கத்தில் பேச்சு போன சனிக்கிழமை. முன் வரிசையில் சம்பந்தியும் பாமாவும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "இரண்டு பேரரசும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்ததில், பாலைவனத்து ஜனங்கள் எதிராளியின் தலைவலி என்று இரண்டுமே நினைத்தன" என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். படித்துக்கொண்டே நிமிர்ந்து முன் வரிசையைப் பார்த்தேன். அனந்தா, நாக்கு அப்படியே நின்றுபோயிற்று. சம்பந்தியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகமும் வெளுத்திருந்தது. தலைவர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். கேள்வி நேரத்தில் பாமா எழுந்து, ரெண்டு பேரும் தளர்ந்துபோனது சரி, வந்தவாளிடமும் ஏதோ சாமர்த்தியம் இருந்திருக்குமே, அதைப் பற்றி ஒண்ணும் சொல்லலையே என்று கேட்டாள். நல்ல கேள்விதான். ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் அதில்தான் அடித்துக்கொள்கிறார்கள். நான் காகிதங்களை மடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, அவர் இங்கே வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நேருக்கு நேர் கேட்டேன்.

"உங்காத்து பாமா எப்போ கிளம்பறா?"

"எங்காத்தா? நான் உங்காத்து மனுஷின்னா நெனச்சுண்டிருக்கேன்."

ரகுராமைக் கூப்பிட்டோம். அவன் அவளை வீணாவுக்கு அத்தை முறை என்று நினைத்திருக்கிறான். வீணா அவளை ரகுராமுக்குச் சித்தி முறை என்று நினைத்திருக்கிறாள். ஒரு மாசமாக நாலு பேரும் அவளுக்கு ஆளுக்கொரு உறவு சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அவளைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, வீணா அழவே ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் ரகுராம் தீர்ப்புச் சொன்னான். அவள் எந்தப் பக்கம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிற்றுக்குள் தெரிய வேண்டும். எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து அப்பா தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹாலுக்கு வர வேண்டும், மற்றவருக்கு அவர் அறை அவருக்கே. பாரசீகத்தின் கடைசி ராஜா ஊர் ஊராக ஓடி, ஒளிய ஒரு மாவு மில்காரன் வீட்டுக்குள் புகுந்து அங்கேயே உயிரை விட்டார் என்று சொல்வார்கள். எனக்கு இந்த வயசில் ஓட்டமெல்லாம் முடியாது. எனக்கு என் கட்டிலும் என் ஜன்னலும் போதும். ஆகவே பாமா நம் பக்கம் இல்லை என்று உடனே எழுது. இரண்டு வரி போதும், கையெழுத்து தெளிவாக இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். மழையில் மொட்டை மாடிக்குப் போகாதே. நீ தீர்க்க சுமங்கலியாக, மறதி வராமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அறையில்லாத உன் அண்ணா
சேஷகிரி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போனவன் ஸ்டாம்பை மறந்து திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் பாமா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அவள் எந்தப் பக்கமும் இல்லை. மேல் மாடியில் ஒரு சீமந்தத்துக்கு வந்தவள், லிஃப்ட் இந்த மாடியில் நின்றது, கதவு திறந்திருந்தது. "காபி குடிச்சதும் யாருன்னு கேப்பேள்னு பாத்தேன். ஜுரத்துல ரெண்டு பேரும் அப்படித் தாங்கினேள். ஜோகுபாளையத்துல என் வீட்ல என்னை வான்னு கூப்பிடக்கூட ஆளில்லை" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறாளாம். ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ரகுராம் தட்டிலேயே கோலம் போட்டுக்கொண்டிருந்தான். நானும் பாதியில் எழுந்துவிட்டேன், அனந்தா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இப்போது எட்டிப் பார்த்தேன். சம்பந்தி கதவைச் சாத்திக்கொண்டு மைசூரில் இருக்கிற தன் அக்காவுக்கு என்னமோ மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் எண்ணம் எனக்குத் தெரியாதா. ஆகவே மேலே எழுதினது அத்தனையையும் அடித்துவிடு. பாமா நம் தாத்தாவின் ஒன்றுவிட்ட தங்கை வழிப் பேத்தி, சந்தேகமே இல்லை, சின்ன வயசில் நாமெல்லாம் சேர்ந்து விளையாடியிருக்கிறோம் என்று எழுது. உன் கடிதம் வரும்வரை காத்திருக்க நேரமில்லை, இதைத் தபாலில் போடாமல் கூரியரில் அனுப்புகிறேன், படித்த கையோடு போன் பண்ணி எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொல். அவர் அக்கா முந்திக்கொண்டால் பாமா அவர்கள் பக்கம் போய்விடுவாள். திவானில் நான் படுத்துக்கொள்கிறேன்.