சாம்பல் பட்டையை அழித்தவன்

வாய் திறந்து ஒரு கேள்வி கேட்க வெட்கப்படுகிறவன், அந்த வெட்கத்தை மறைக்க எவ்வளவு வேலை வேண்டுமானாலும் செய்வான். நான் செய்தேன். இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் செய்தேன்.

தண்டலம் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஒரகடம் கம்பெனிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் எங்களுக்குச் சோறு. அதில் தூசியளவு கறை இருந்தாலும் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் எழுத்தைப் படிப்பதில்லை, கறையைத்தான் படிப்பேன். (அந்தப் படிப்பில் நான் டாக்டர் பட்டம் வாங்கியவன்.)

ஒருநாள் நித்யா என்ற பெண் தான் எழுதிய புத்தகத்தை அச்சடிக்கக் கொண்டுவந்தார். திருநெல்வேலிக்காரர், ஒரகடத்தில் வேலை. நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நடத்துகிற விளையாட்டாம். அதற்கான விதிப் புத்தகம்.

அச்சடிக்க மெஷினில் மாட்டும் பிளேட்டைப் பார்த்தேன். பல பத்திகளின் ஓரத்தில் மங்கலாக ஒரு சாம்பல் பட்டை. பிளேட் போடும்போது பிலிமின் விளிம்பு இப்படித்தான் நிழலாக விழும். மருந்து தொட்டு அழித்துவிடுவோம். ஆனால் இத்தனை இடத்திலா? நித்யா எதிரிலேயே நின்றிருந்தார். கேட்டிருக்கலாம். அவர் கிளம்பும்வரை ஸ்பேனர் தேடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, ஒவ்வொன்றாக அழித்தேன்.

மூன்றாம் நாள் வந்தவர், அடித்த தாளை எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அண்ணே, ஓரத்துல இருந்த பட்டையெல்லாம் எங்கண்ணே?"

"அழுக்கா இருந்திச்சும்மா. சுத்தமா எடுத்துட்டேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"அய்யய்யோ! அது அழுக்கில்லண்ணே!"

முதலாளி ஓடிவந்தார். "இன்னாயா பண்ணி வச்சிகிற?"

நித்யா விளக்கினார். விளையாட்டின் அடிப்படை விதிகள் வேறொருவர் எழுதியவை. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, விற்கலாம் என்று அவர் பொதுவில் விட்டிருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை: புத்தகத்தில் எந்தப் பகுதி எல்லோருக்கும் பொது, எது எழுதியவரின் சொந்தச் சரக்கு என்று தெளிவாகக் காட்ட வேண்டும். பொதுப் பகுதிக்குத்தான் அந்தப் பட்டை.

"அடையாளம் இல்லாம வெளிய விட்டா அவரு கொடுத்த அனுமதியே செல்லாதுண்ணே. நாலு வருசமா எழுதுனது. மறுபடி அடிக்கக் காசில்ல, அப்படியே மூட்டையா கட்டி வைக்க வேண்டியதுதான்."

"லேபிள தொடச்சி தொடச்சி, இந்தப் பொண்ணு உழைப்பயும் தொடச்சிட்டியேயா!" என்றார் முதலாளி.

எனக்குக் காது சுட்டது. 'சாம்பல் பட்டை உள்ள பத்திகள் பொது' என்ற அறிவிப்பு முதல் தாளில் வரும் என்று நித்யா சொன்னார். முதல் தாளை எப்போதும் கடைசியில்தான் அடிப்போம். தொண்டையைச் செருமிக்கொண்டு, என் வாழ்க்கையிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினேன்.

"மொத தாளு இன்னும் அடிக்கலம்மா. பட்டைக்குப் பதிலா, இந்தப் பக்கத்துல இத்தனாவது பத்தி பொதுன்னு அதுல லிஸ்ட் போட்டா ஒத்துக்குவாங்களா?"

நித்யா போனில் நிபந்தனைகளை மறுபடி படித்தார். இரண்டு முறை. மெஷின் நின்றிருந்தது; என் நெஞ்சு மட்டும் ஓடியது.

"தெளிவாத் தெரியணும்னுதாண்ணே இருக்கு. பட்டைதான் வேணும்னு இல்ல!"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். (நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இல்லை.) யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நித்யா லேப்டாப்பில் போட்ட பட்டியலில் முப்பத்தொன்றாம் பக்கத்துப் பத்தி ஒன்று விட்டுப்போயிருந்தது. நான்தான் சொன்னேன். அழித்தவனுக்குத் தெரியாதா?

புத்தகம் நல்லபடியாக வெளியே போனது. அதை வீட்டில் பெருமையாகச் சொன்னது என் இரண்டாவது தப்பு. இப்போது பிரிட்ஜில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் 'பொது', 'எனக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்கிறார்கள். என் மனைவி என்னைக் கையால் காட்டுவாள்.

"வெறும் கோடு போட்டா இவரு தொடச்சிடுவாரு."