கையெழுத்து கேட்ட மந்திரவாதி

உலகத்தில் எத்தனையோ மந்திரவாதிகள் இருந்திருக்கலாம். ஆனால் எதிரே ஒரு பூதம் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்போது, "கொஞ்சம் இருங்க, இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க" என்று பேனாவை நீட்டிய மந்திரவாதி ஒரே ஒருவர்தான். அவர் கிள்ளானில் குடியிருந்தார். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து, தலைநகரத்தில் நாங்கள் கூடும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வருவார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. எங்களுக்கு அவர் இண்டெக்ஸ்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஏது பூதம் என்று கேட்பீர்கள். எண்பதுகளின் கடைசியில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த சேவியர் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாரம் ஒரு பூதமாவது வந்துகொண்டிருந்தது. அண்ணனின் தம்பி கப்பலில் வேலை பார்த்தவர். அவர் எங்கிருந்தோ ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கதை நடத்துவார். "எதிரே ஒரு குகை, என்ன செய்கிறீர்கள்?" என்பார். நாம் எதையாவது சொல்லிவிட்டு இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பிழைப்பதும் சாவதும் பகடையின் கையில். கதை நடத்தியவர் சேவியர் அண்ணன். நான் வீரன். டயர் கடையில் சேல்ஸ்மேனாக இருந்த குணா, திருடன். அந்த வேடம் அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

மந்திரவாதி வேடம்தான் யாருக்கும் வேண்டாம். காரணம், அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட மந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி தூரம் போகும், எவ்வளவு நேரம் நிற்கும், என்னென்ன பொருள் வேண்டும் என்று ஒரு பக்கம் விதி. தம்பி புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் போய்விட்டதால் எங்களிடம் இருந்தது அதன் ஃபோட்டோஸ்டேட். எடுத்தவன் நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு தொண்ணூற்று ஏழைச் சொருகியிருந்தான். யாராவது நெருப்பு உருண்டை வீசினால் போச்சு, அது எவ்வளவு தூரம் எரியும் என்று தேடுவதற்குள் தேநீர் ஆறிவிடும். பிறகு சண்டை.

அப்போதுதான் எனக்கு அந்த விபரீத யோசனை வந்தது. நான் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்தில் ரெக்கார்ட் அறைக் கிளார்க் ஒருவர் இருந்தார். முப்பது வயசு, முழுக்கைச் சட்டை, பையில் மூன்று நிறப் பேனா. எந்த ஃபைலைக் கேட்டாலும் அட்டைப் பெட்டியில் விரலை ஓடவிட்டு அரை நிமிஷத்தில் எடுத்துத் தருவார். இவரை மந்திரவாதி ஆக்கினால் என்ன என்று நினைத்தேன். நானே போய் அழைத்தேன். இன்றுவரை குணா அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

வந்த முதல் நாளே அவர் ஃபோட்டோஸ்டேட்டை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு மந்திரத்துக்கு ஓர் அட்டை. பெயர் கறுப்பு மையில், தூரம் சிவப்பில், நேரம் பச்சையில். எடுத்ததும் படிக்கலாம். அன்றைக்குத் தயார் செய்த மந்திரங்களை முன்னால் வரிசையாக வைப்பார். ஒன்றைப் பயன்படுத்தினால் அந்த அட்டையைக் கவிழ்த்துவிடுவார். மந்திரவாதி தூங்கி எழுந்தால் எல்லாவற்றையும் நிமிர்த்துவார். உண்மையைச் சொல்ல வேண்டும், பிரமாதமான ஏற்பாடு. அன்று மூன்று மணி நேரம் ஒரு சண்டைகூட இல்லாமல் ஆடினோம். சேவியர் அண்ணன் மனைவி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று எட்டிப் பார்த்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் தாங்கியது.

பிறகு அவருக்குள் இருந்த கிளார்க் விழித்துக்கொண்டார். பெட்டியிலிருந்து விதி பார்க்க யார் அட்டையை எடுத்தாலும் அந்த இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். சீட்டில் பெயர், நேரம், கையெழுத்து. அட்டை அதன் இடத்தில் இல்லை என்றால் மந்திரமும் இல்லை. ஒரு மந்திரத்துக்கு வௌவால் எச்சம் வேண்டும் என்று விதியில் இருந்தது. மற்ற ஊர்களில் ஆடுகிறவர்கள் அது கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆடிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் பத்துமலைக் குகை வரை போய் ஒரு தைலப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சேவியர் அண்ணன் மனைவி அன்று எங்கள் எல்லாரையும் வாசலுக்கு வெளியே உட்கார வைத்துதான் தேநீர் கொடுத்தார்.

குணாவின் விஷயம்தான் பெரிதாகப் போனது. அவனுடைய திருடன் ஒரு கோபுரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். கயிறு அறுந்தது. கீழே விழுபவனைப் பஞ்சு மாதிரி இறக்கும் மந்திரம் ஒன்று உண்டு. நாங்கள் எல்லாரும் இண்டெக்ஸைப் பார்த்தோம். அவர் நிதானமாகப் பெட்டியில் விரலை ஓட்டினார். ஒரு சீட்டை எடுத்து குணா முன்னால் வைத்தார்.

"கார்டு வெளியில இருக்கு பிரதர். போன வாரம் நீங்கதான் எடுத்தீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

கையெழுத்து அவனுடையதுதான். அட்டை அவன் டயர் கடையில் எங்கோ கிடந்தது. திருடன் அறுபது அடி விழுந்து இரண்டு காலையும் முறித்துக்கொண்டான். அடுத்த ஐந்து வாரம் அவனை என் வீரன்தான் முதுகில் தூக்கிக்கொண்டு திரிந்தான். குணா ஒரேயடியாகச் சொல்லிவிட்டான், ஒன்று அவர் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று. சேவியர் அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: இன்னும் ஒரே ஒரு தடவை பொறுப்போம். அதற்கு மேல் அவருக்கு இந்த மேசையில் இடம் இல்லை. அழைத்து வந்தவன் நான் என்பதால் சொல்ல வேண்டியதும் நான்.

கிள்ளான் பஸ்ஸுக்கு அவர் காத்திருந்தபோது சொன்னேன். அவர் தகரப் பெட்டியை மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"வாரத்துல இந்த ஒரு நாள்தான் பிரதர் நான் வருவேன்னு யாராச்சும் எதிர்பாக்குறாங்க. இத கெடுத்துக்க மாட்டேன்."

ஆறுதலாக அவர் தோளில் கை வைத்தேன். அதற்குள் அவர், போன வாரம் நான் எடுத்த அட்டைக்குச் சீட்டில் நேரம் எழுதவில்லை என்று ஞாபகப்படுத்தினார். கையை எடுத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் தங்கமாக இருந்தார். அட்டையைக் கேட்டால் சீட்டு இல்லாமல் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு முனையை விடாமல் பிடித்திருப்பார், அதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம். கதையும் உச்சத்துக்கு வந்திருந்தது. இரண்டு வருஷமாகச் சேவியர் அண்ணன் பூடகமாகப் பேசிக்கொண்டிருந்த டிராகனின் குகை வாசலில் நின்றோம். அடுத்த சனிக்கிழமை உள்ளே நுழைய வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை இண்டெக்ஸ் நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். கையில் ஒரு டப்பா. திறந்தால் சுண்டல். தகரப் பெட்டியைக் காணோம்.

"இன்னைக்கு சரஸ்வதி பூஜை அண்ணே. கார்டெல்லாம் பூஜையில வச்சிட்டேன். நாளைக்குத்தான் எடுக்கலாம்" என்றார்.

சேவியர் அண்ணன் கத்தோலிக்கர். அவர் என்னைப் பார்த்தார். நான் சுண்டலைப் பார்த்தேன். காலையில் அரை நாள் ஆபீஸில் இவரே எனக்கு நாலு ஃபைல் எடுத்துக் கொடுத்தாரே, அது மட்டும் பரவாயில்லையா என்று கேட்டேன்.

"அது கவர்மென்ட் ஃபைலு பிரதர். அதுல படிக்கிறதுக்கு என்னா இருக்கு?"

அட்டை இல்லாவிட்டால் என்ன, மனப்பாடமாகத் தெரியுமே, வாயால் சொல்லிவிடுங்கள் என்று அண்ணன் இறங்கி வந்தார். மனசுக்குள் படித்தாலும் படிப்புதான் என்று பதில் வந்தது. டிராகனை நேரில் பார்த்தால் வழிக்கு வந்துவிடுவார் என்று நினைத்து உள்ளே நுழைந்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

ஒவ்வொரு சுற்றிலும் அண்ணன் கேட்பார், மந்திரவாதி என்ன செய்கிறார் என்று. இண்டெக்ஸ் கைகட்டி உட்கார்ந்து, "நிக்கிறேன்" என்பார். திருடன் முதலில் போனான். கால் இப்போதுதான் கூடியிருந்தது, பாவம். நான் உருட்டிய பகடையில் விழுந்தது இரண்டு. இரண்டு வருஷமாக வளர்த்த என் வீரன் டிராகனின் பல்லுக்கிடையில் போய்ச் சேர்ந்தான். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, எனக்கு நிஜமாகவே வலித்தது. கடைசியில் டிராகன் மந்திரவாதி பக்கம் திரும்பியது. சேவியர் அண்ணனுக்கே மனசு கேட்கவில்லை. வாசல் திறந்துதான் இருக்கிறது, ஓடுவதற்கு அட்டை தேவையில்லை என்று எடுத்துக் கொடுத்தார்.

"இவங்க ரெண்டு பேரையும் இங்க போட்டுட்டு நான் எங்க அண்ணே ஓடுறது? நிக்கிறேன்."

நின்றார். எரிந்தார். பிறகு எழுந்து எங்களுக்குச் சுண்டல் பரிமாறினார். சுண்டல் ரொம்ப நன்றாக இருந்தது, அது வேறு எரிச்சலாக இருந்தது.

குணா சுண்டலைத் தொடாமல் என்னை மட்டும் பார்த்தான். வாசல் கேட் வரை இண்டெக்ஸோடு நடந்து போய், அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று சொன்னேன். எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். காலி டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை ஆபீஸில் ஃபைல் கேட்டேன். வழக்கம்போல் அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார்.

நாங்கள் புது வேடங்களோடு புதுக் கதை தொடங்கினோம். இந்த முறை குணா மந்திரவாதி. முதல் வாரமே நெருப்பு உருண்டை வீசி, எதிரிகளை விட்டுவிட்டு என்னைக் கொளுத்தினான். அவ்வளவு தூரம் எரியாது என்றேன் நான். எரியும் என்றான் அவன். நாற்பதாம் பக்கத்தைப் புரட்டினால் தொண்ணூற்று ஏழு வந்தது. இரண்டாவது வாரம் தூங்க வைக்கும் மந்திரத்துக்காக ஒன்றரை மணி நேரம் கத்தினோம். மூன்றாவது வாரம் சேவியர் அண்ணன் பகடைகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு, இதற்கு நான் டியூட்டிக்கே போயிருக்கலாம் என்று உள்ளே போய்விட்டார்.

குணா கொஞ்ச நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தான்.

"அந்த ஆளு வேணாம்லா. கார்டு பெட்டிய மட்டும் வாங்கிட்டு வந்துடு" என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அவர் அறை. கதவைத் திறந்தவர் ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மைலோ கலக்கிக் கொடுத்தார். மேசையில் தகரப் பெட்டி இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, அவரே பெட்டியின் கடைசியிலிருந்து மூன்று அட்டைகளை உருவி என் முன்னால் வைத்தார்.

மந்திர அட்டைகளை எல்லாம் அவர் இங்கிலீஷில்தான் எழுதியிருந்தார். இவை தமிழில் இருந்தன. சிறு வயதில் கேரி தீவுத் தோட்டப் பள்ளியில் பழகிய குண்டு குண்டான எழுத்து. முதலாவது குணாவின் திருடனுக்கு. அவன் திறந்த பூட்டுகள், விழுந்த கோபுரம், எல்லாம் வரிசையாக இருந்தன. இரண்டாவது என் வீரனுக்கு. எந்தெந்தச் சண்டையில் நின்றான், யாரை முதுகில் சுமந்தான், ஒரு கிராமத்தில் கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிட்டது உட்பட. அந்த ஆட்டை நானே மறந்துபோயிருந்தேன். கீழே சிவப்பு மையில் ஒரு வரி:

"மரண காரணம்: மந்திரவாதியின் பிடிவாதம்."

மூன்றாவது அவருடைய மந்திரவாதிக்கு. அதில் வேடத்தின் பெயர் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. கீழே மட்டும், "மரண காரணம்: மேற்படி."

சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துப் பார்த்தால் அவர் சிரிக்கவில்லை. மைலோ கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் தினமும் ஆபீஸில் என் முகத்தைப் பார்த்தும் அந்த மனுஷனுக்கு ஒரு மன்னிப்பு வாயில் வரவில்லை. இப்படித்தான் வந்தது, மூன்று நிற மையில்.

பெட்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கிறோம். நீங்க வந்தாதான் ஆட்டம்" என்றேன்.

அவர் கப்பைக் கீழே வைத்தார். பஸ் நேரம் மாறியிருக்கிறது, ஒன்றே முக்காலுக்கே வந்துவிடுவேன், கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள் என்றார். பேச்சு அவ்வளவுதான்.

அதன் பிறகு எத்தனையோ வருஷம் எங்களை வாட்டி வதைத்தார். அதை எழுத இந்தப் பத்திரிகையில் பக்கம் போதாது. பெட்டியை மட்டும் வாங்கி வரத்தான் என்னை அனுப்பினார்கள் என்பதை நான் அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. குணாவிடம், அவர் பெட்டியைத் தனியாகத் தர மறுத்துவிட்டார் என்று பொய் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கே விளங்கியது, மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்தது அந்த ஆளை என்று.