சுவரில் ஏறின புள்ளிகள்

நாட்டின் ஆரம்ப சுகாதாரத் திட்டங்களுக்கெல்லாம் தலைமை வகிக்கும் மதிப்பிற்குரிய டைரக்டர் அவர்களுக்கு, அவருடைய ஒரே தாய்மாமனும், சுகாதார நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் கடைநிலை ஊழியனாக இருந்தவனுமாகிய நான், கையெழுத்துத் தெரியாதபடியால் வாயால் சொல்லி, பெருவிரலை உருட்டி, அனுப்பிக்கொள்ளும் விண்ணப்பம். இங்கே நானும் உன் அத்தையும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள், உன்னுடைய வாயுத் தொந்தரவு எல்லாரும் எப்படி என்று அறிய ஆவல்.

மாப்பிள்ளை, பெரிய பாலத்தைத் திறந்து வைத்த ஒன்பதாம் நாள் அது நடுவில் உட்கார்ந்துகொண்டதே, சந்தைக் கட்டடம் பாதி எரிந்ததே, தலைமை ஆசிரியர் தன் சைக்கிள் திருடு போச்சு என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு அதே சைக்கிளில் வீட்டுக்குப் போனாரே, அந்த வருஷத்து மழைக்காலம். நீ ஒன்பது மாசக் குழந்தை. உனக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. உன் ஆபீசுக்கும் இல்லைபோல. அதனால்தான் எழுதவேண்டி வந்தது.

அப்போது இந்த வட்டாரத்துக்குத் தலைமை ஒரு டாக்டரம்மா. ஆள் ஒல்லி, குரல் மட்டும் மூன்று ஆள் குரல். ஊர் ஊராக ஜீப்பில் வந்து, பன்னிரண்டு நிலையத்துக்கும் ஒவ்வொரு ஃபிரிட்ஜ் கொடுத்து, தடுப்பூசி மருந்தையும் சூடு காட்டுகிற ஒரு முள்ளையும் அதில் வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றார்கள். தெரியாதும்மா என்றேன். "கண்ணு தெரியுமா?" தெரியும். "அப்ப போதும். இந்த முள்ளு காலையில எங்க நிக்குது, சாயங்காலம் எங்க நிக்குது, பாத்து இந்தத் தாள்ல அதே உயரத்துல புள்ளி வை. இந்த ரெண்டு சிவப்புக் கோட்டுக்கு நடுவுல இருந்தா மருந்து உயிரோட இருக்கு. தாண்டினா செத்துச்சு. செத்த மருந்தும் பாக்க அதே மாதிரிதான் இருக்கும். அதைக் குழந்தைக்குப் போட்டா தண்ணி போட்ட மாதிரி" என்றார்கள். அன்றிலிருந்து என் வாழ்க்கையில் நான் பயந்தது இரண்டுக்குத்தான்: அந்த முள்ளு, உன் அத்தை.

மற்ற பதினோரு நிலையத்திலும் படித்த ஆட்கள். படித்த ஆட்களுக்கு வேலை அதிகம், ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க நேரம் ஏது? அவர்கள் தாளை வெறுமையாகவே அனுப்பிவிடுவார்கள். வட்டார மருந்து ஸ்டோரில் இருந்த ஸ்டோர்கீப்பர் அதையெல்லாம் மேஜையில் பரப்பி, டீ ஆறுவதற்குள் நாலு டிகிரி, நாலு டிகிரி, நாலு டிகிரி என்று மாசம் பூராவும் போட்டு முடித்துவிடுவார். மாசக் கடைசியில் இல்லை மாப்பிள்ளை, ஒண்ணாம் தேதியே! ஒரு தடவை முப்பது நாள் மாசத்துக்கு முப்பத்தொண்ணாம் தேதியும் நாலு போட்டார். முத்து முத்தான எழுத்து என்று ஊரே சொல்லும். அந்தக் கை ஆயுசில் ஒரு வரி உண்மை எழுதினதில்லை. (இதை எழுதுகிறவர் இந்த இடத்தில் பேனாவில் மை வரவில்லை என்கிறார். வரும், உதறி எழுதும் என்று சொல்லியிருக்கிறேன்.)

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் புயல் அடித்தது. மூன்று நாள் வட்டாரம் முழுக்கக் கரன்ட் இல்லை. நான் வழக்கம்போல் காலையும் சாயங்காலமும் புள்ளி வைத்தேன். முதல் நாள் முள்ளு மேல் கோட்டைத் தாண்டியது. இரண்டாம் நாள் தாளின் விளிம்புக்கு வந்தது. மூன்றாம் நாள் தாளே முடிந்துபோச்சு. முள்ளு மட்டும் நிற்கவில்லை. நான் என்ன செய்ய? தாள் ஒட்டியிருந்தது சுவரில். சுவரில் வைத்தேன். காலைக்கும் சாயங்காலத்துக்கும் இரண்டு புள்ளி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஜன்னல் பக்கம் ஏறிக்கொண்டு. தலைமை நர்ஸிடம் சொன்னேன், அவள் ஸ்டோருக்குச் சொல்லி அனுப்பினாள். அங்கிருந்து மெமோ வந்தது. மருந்தைப் பற்றி இல்லை! அரசாங்கச் சுவரில் கிறுக்கியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று.

மறுநாள் ஊசி போடும் நாள். வாசலில் அறுபது எழுபது தாய்மார் குழந்தைகளோடு வரிசையில். உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறாள். நான் ஃபிரிட்ஜ் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். "மருந்து செத்துப்போச்சு, எடுக்க விடமாட்டேன்." தலைமை நர்ஸ் கத்துகிறாள், நான் நகரவில்லை. சரியாக அந்த நேரம் ஜீப் வந்து நிற்கிறது. டாக்டரம்மாவும் ஸ்டோர்கீப்பரும் இறங்குகிறார்கள், பின்னால் டிரைவர் ஃபைலோடு. என்னைத் திட்டத்தான் வந்தார்கள்.

"சுவத்துல ஏன்யா வெச்சே?"

"முள்ளு தாளைத் தாண்டிப் போயிடுச்சும்மா."

டாக்டரம்மா சுவரையே பார்த்தார்கள். அப்புறம் ஃபைலை வாங்கி மற்ற பதினோரு தாளையும் பிரித்தார்கள். நாலு, நாலு, நாலு.

"புயல் அங்கெல்லாம் அடிக்கலையா?"

"அடிச்சுதும்மா" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"கரன்ட் போகலையா?"

"போச்சும்மா."

"அப்புறம் எப்படிய்யா நாலு?"

அந்த மனிதர், "அந்த ஃபிரிட்ஜெல்லாம் கொஞ்சம் நல்ல கம்பெனிம்மா" என்றார். பன்னிரண்டும் ஒரே லாரியில் வந்திறங்கின ஃபிரிட்ஜ்.

அன்றைக்கே டாக்டரம்மா எல்லா நிலையத்து மருந்தையும் அழிக்கச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து தாய்மாரைப் பார்த்துக் கைகூப்பி, "தப்பு எங்க பேர்ல. ரெண்டு வாரத்துல புது மருந்து வரும், நானே வந்து போடறேன்" என்றார்கள். தாய்மார் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உன் அம்மாதான் தலைமை. "பாவி, ஊருக்கே மருந்து காவக்காரன், அக்கா புள்ளைக்கு ஒரு ஊசி போட வக்கில்லையா உனக்கு! மூணு மைல் சேத்துல நடந்து வந்தேன்டா!" என்று உன்னை என் மடியில் போட்டாள். நீ உடனே உன்னால் முடிந்ததைச் செய்தாய். என் காக்கிச் சட்டை நனைந்தது. இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா சொன்னபடியே வந்து உனக்குப் போட்டார்கள். அடுத்த வருஷம் அம்மை வந்து பக்கத்து வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு குழந்தை விழுந்தது. இங்கே ஒன்றுகூட விழவில்லை. எனக்குப் பரிசாக இரண்டு மடங்கு நீளமான தாள் கொடுத்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் நிலையத்தில் இருக்கிற நர்ஸம்மாவுக்கு உன் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எல்லா நிலையமும் நேர்கோடாம், இவளுடையது மட்டும் ஏறி இறங்குகிறதாம், உன் பட்டியலில் இவள் கடைசியாம், மாசக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் மலைப்பக்கம் மாற்றமாம். ஃபிரிட்ஜ் கதவில் ரப்பர் கிழிந்திருக்கிறது மாப்பிள்ளை! மூன்று தடவை எழுதிப்போட்டிருக்கிறாள். நேற்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு புள்ளைங்களை வெச்சுகிட்டு மலைக்கு எங்க போவேன் பெரியவரே? நாளையிலிருந்து நானும் நேர்கோடே போட்டுடறேன்" என்கிறாள். நாட்டில் நிஜமாக முள்ளைப் பார்க்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவளையும் நீ பொய் எழுதப் பழக்குகிறாய். அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள். ஒரு ரப்பரை அனுப்பு. அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி, முதல் இடம் வாங்கின நிலையத்துக்குப் போய் ஃபிரிட்ஜுக்குள் உன் கையை விட்டுப் பார்.

கிழவன் சொன்னதற்குச் சாட்சி யார் என்று கேட்பாய். டாக்டரம்மா போய்விட்டார்கள். டிரைவர் போய்விட்டான். தலைமை நர்ஸ் போன வருஷம். உன் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வாசலில் நின்ற மற்றத் தாய்மார் சுவரைப் பார்க்கவில்லை. சாட்சிக்கு ஆள் இல்லை. ஸ்டோர்கீப்பரைப் பற்றி மட்டும் கேட்காதே, அந்த மனிதரை நான் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை.

நீயும் உன் மனைவி மக்களும் நோய்நொடி இல்லாமல், மேலதிகாரி தொல்லை இல்லாமல், மேன்மேலும் உயர்ந்து, அவ்வப்போது கீழேயும் எட்டிப் பார்த்து, நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும் உன் தாய்மாமன். (இடது பெருவிரல் ரேகை.)

பி.கு.: ஒட்டுவதற்கு முன்னால் நர்ஸம்மாவை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவள் விஷயத்தை அவளே எழுதினால் நன்றாயிருக்காது என்றுதான், நிலையத்து பெஞ்சில் பேனாவும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தவரைப் பிடித்து எழுத வைத்தேன். வாராவாரம் ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர். "நல்லாப் பாத்துச் சொல்லும்மா, குத்துமதிப்பா எழுதிடாதே" என்று அவள் உயிரை எடுப்பார். அவர் நிச்சயம் பாதியை விழுங்கியிருப்பார் என்று நினைத்தேன். படித்தால், ஒரு எழுத்து குறையவில்லை. முப்பத்தொண்ணாம் தேதி இருக்கிறது, நல்ல கம்பெனி இருக்கிறது, மை வராத கதைகூட இருக்கிறது. அதனால் மேலே அந்தக் கையைப் பற்றிச் சொன்னதெல்லாம் இன்றையிலிருந்து பொய், அடித்துவிடும் என்றேன். "ரெக்கார்டுல அடிக்கக் கூடாதுய்யா, இருக்கட்டும்" என்கிறார். சாட்சிக்கு ஆள் இல்லை என்றதும் தப்பு. நீ எப்போது கூப்பிட்டாலும் வந்து சொல்கிறாராம். அன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் நின்ற பெரியவர்களில், என்னை விட்டால் இன்னும் உயிரோடு இருப்பது அவர் ஒருத்தர்தான், ஸ்டோர்கீப்பர்.