என்னை வேண்டாம் என்ற கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் இருக்கிற கட்டடத்தில் ஒருவனுக்கு வேலை கிடைத்துவிட்டால் போதும், நம் சொந்தபந்தங்கள் அவனைக் கம்ப்யூட்டர் டாக்டர் ஆக்கிவிடுவார்கள். பிரிண்டர் மக்கர் பண்ணினால் அவனைக் கூப்பிடு, வைஃபை வரவில்லையா அவனைக் கூப்பிடு, பிள்ளை பள்ளிக்கூட பாஸ்வேர்டை மறந்துவிட்டதா அவனைக் கூப்பிடு. நானும் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் வேலை, எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறி எந்தப் பேட்டைக்குப் போக வேண்டும் என்று லாரி புக் பண்ணுவது. பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி எனக்கும் லாரி டிரைவருக்கும் ஒரே அளவு ஞானம்தான். (டிரைவருக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். அவர் மகன் கேம் விளையாடுகிறவன்.)

எனக்கு வரன் பார்த்த ராஜம் ஆன்ட்டி இந்த விவரத்தையெல்லாம் பெண் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. "பையன் கம்ப்யூட்டர் லைன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெண் வீடு புக்கிட் மேராவில். ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வருவேனா மாட்டேனா என்று மழை போக்குக் காட்டிக்கொண்டிருந்த மாலையில், நானும் அம்மாவும் போனோம். (இந்தக் காலத்தில் சிங்கப்பூரில் பெண் பார்க்கிறார்களா என்று கேட்காதீர்கள். 'சும்மா காப்பி குடிச்சிட்டு வருவோம்' என்று பெயரை மாற்றி வைத்துக்கொண்டு இன்னும் பார்க்கத்தான் செய்கிறோம்.) தர்ஷினிக்குப் பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. தட்டேந்தி, தலை குனிந்து எல்லாம் வரவில்லை. வேலை முடிந்து தண்ணீர் பாட்டிலும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்து, என் எதிரே உட்கார்ந்து, "ஹாய், சாரி லா, பஸ் லேட்" என்றாள். அவ்வளவுதான். என் வாய் திறந்தது, மூடவில்லை. அவள் தினமும் பார்க்கிற காட்சி என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஜோதிடத்தில் இறங்கி, அந்த அடுக்குமாடி புளோக்கில் கல்யாணம் கட்டும் பிள்ளைகளுக்கெல்லாம் பொருத்தம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சாங்கத்து எழுத்து கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் கம்ப்யூட்டர்தான். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அதில் பழைய ஜாதக சாஃப்ட்வேர் ஒன்று. அந்தக் கம்ப்யூட்டர், நாங்கள் போவதற்கு முந்தின வாரம்தான் மண்டையைப் போட்டிருந்தது.

"தம்பிய எங்களுக்குப் பிடிச்சிருக்கும்மா. ஆனா பொருத்தம் பாக்காம நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் அம்மாவிடம். "வெளியில குடுத்தும் பாக்க மாட்டேன். ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் என் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, என் பொண்ணுக்கு வேற எங்கயாச்சும் பாப்பேனா?"

"என் மகன் உத்திரம்ங்க" என்றாள் அம்மா.

"வாயால சொல்றத நான் எடுத்துக்கறதில்லம்மா. பொறந்த நேரத்தக் குடுங்க, கம்ப்யூட்டர் சொல்லட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி இந்த லைன்தானே? எத வாங்கலாம், சொல்லுங்க."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு, "நானே வாங்கி எல்லாம் போட்டுக் குடுத்திடறேன் அங்கிள்" என்றேன். எனக்குப் பெண் கொடுக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லப்போகும் நீதிபதியை நானே தேடிப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைக்கிறேன் என்று பொருள். அப்போது அது உறைக்கவில்லை.

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதிதாக எதுவும் வாங்கக்கூடாது என்றார் அவள் அப்பா. எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. 'ஆலோசனை' என்ற பெயரில் வாராவாரம் புக்கிட் மேராவுக்குப் போனேன். அவள் அம்மா தேநீர் கொடுப்பார். அப்பா கேள்வி கேட்பார். தர்ஷினி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனை நோண்டியபடி காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருப்பாள். கூடத்துச் சன்னலுக்கு வெளியே மழை பெய்யும், கீழே பஸ்கள் நனைந்துகொண்டு போகும், எனக்கு உலகம் முழுவதையும் யாரோ மெதுவாக ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

எங்கள் ஆபீசில் ரிப்பேர் பிரிவில் இருந்த ரஃபியிடம் முதலிலேயே கேட்டிருந்தேன். "யாரு, என்ன வேலைக்கு யூஸ் பண்ணப் போறாங்கன்னு கேளு. அவங்க சாஃப்ட்வேர் எதுல ஓடுதோ அந்த சிஸ்டம். மெஷின் அப்புறம்" என்றான். இதைவிடச் சுருக்கமாக ஒருவன் புத்தி சொல்ல முடியாது. தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஆனால் நான் ஜென்மக் கனவுக்காரன். 'உடம்பு இங்க இருக்கும், ஆளு எங்கயோ இருப்பான்' என்று அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆகவே நான் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்த முறை வேறு. தமிழர் கடைத்தெருவான தேக்காவில் இறங்கி, மல்லிகைப்பூக் கடைகளைத் தாண்டி, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் பக்கம் தினமும் நடப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு மெஷினாக நின்று பார்ப்பேன். பார்த்துக்கொண்டே, கல்யாணம் ஆகி எங்களுக்கு வீடும் கிடைத்து, அந்த வீட்டுச் சன்னலோரம் இந்த மெஷின் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மெல்லிசான லேப்டாப் என்றால், அவள் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து மடியில் வைத்திருப்பாள், வெளிச்சம் முகத்தில் விழும். பெரிய பெட்டி என்றால், நான் மேசைக்கு அடியில் ஒயரோடு மல்லுக்கட்டுவேன், அவள் டார்ச் பிடிப்பாள். உள்ளங்கையளவு குட்டிப் பெட்டி ஒன்று இருந்தது. அதை வைத்தால் மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பை வைக்க இடம் மிச்சமாகும். முடிவு பண்ணிவிட்டேன், குட்டிப் பெட்டிதான். (மேசை அவள் அப்பாவுடையது, தேநீர் குடிக்கப்போவதும் அவர்தான் என்பது ஞாபகமே வரவில்லை.)

சிஸ்டம் விஷயத்திலும் இதே லட்சணம்தான். "விண்டோஸ் எல்லார் வீட்டுலயும் இருக்கு அங்கிள். மேக், பாக்க அழகு. ஆனா லினக்ஸ் இருக்கு பாருங்க, அதுதான் சுதந்திரம்" என்று ஒரு வாரம் பிரசங்கம் பண்ணினேன். முந்தின நாள் இணையத்தில் படித்தது. சுதந்திரம் என்றதும் நானும் அவளும் கிழக்குக் கடற்கரையில் சைக்கிளில் போவது கண்ணில் தெரிந்தது, அதனால் குரல் தழுதழுத்தது. அவள் அப்பா அசந்துபோய், "விஷயம் இருக்கு தம்பிக்கிட்ட" என்றார்.

அப்போதுதான் தர்ஷினி போனிலிருந்து தலையை நிமிர்த்தி ஒன்று கேட்டாள். "அப்பாவோட ஜாதக சாஃப்ட்வேர் அதுல ஓடுமா?"

ஆடி மாதம் முழுவதும் அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. கேட்கும்போது இடது புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போனது. அந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டே, "ஓடும்" என்றேன். பறக்குமா என்று கேட்டிருந்தாலும் பறக்கும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆவணி பிறந்தது. நல்ல நேரம் பார்த்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு குட்டிப் பெட்டியோடு போனேன். லினக்ஸைக் கடைக்காரரே போட்டுக் கொடுத்துவிட்டார். அவள் அப்பா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பீரோவிலிருந்து ஜாதக சாஃப்ட்வேரின் சிடியைப் பயபக்தியோடு எடுத்துவந்தார். பெட்டியைத் திருப்பினார். கவிழ்த்தார். பக்கவாட்டில் தடவிப் பார்த்தார்.

"இத எங்க தம்பி போடறது? வாயே காணோமே."

"வாயில்லாத பேஷன்ட்ட நான் பாத்ததே இல்லப்பா" என்றாள் தர்ஷினி.

அவளே தன் பழைய லேப்டாப்பில் சிடியைப் போட்டு, அதிலிருந்ததைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். குட்டிப் பெட்டிக்கு அது என்ன மொழி என்றே புரியவில்லை. அது விண்டோஸில் மட்டும் ஓடுகிற சாஃப்ட்வேர். அம்மா என் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். அந்த நிமிடத்தில் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. "அதெல்லாம் பழசு அங்கிள், இப்ப எல்லாம் ஆன்லைன்தான்" என்று, இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட இலவச ஜாதகப் பக்கத்தைத் திறந்தேன். இருவர் பெயர், பிறந்த நாள், நேரம். தட்டினேன். கச்சேரி முடிக்கிற வித்வான் மாதிரி கையை உயர்த்திக் கடைசிப் பொத்தானை அழுத்தினேன்.

பெண்: திருவோணம். பையன்: அஸ்தம். ரஜ்ஜுப் பொருத்தம்: இல்லை. அதை மட்டும் சிவப்பில் போட்டிருந்தான் பாவி.

ரஜ்ஜு என்பது தாலி நிலைக்குமா என்று பார்க்கிற பொருத்தம். மற்றது எத்தனை இருந்தாலும் அது இல்லையென்றால் ஜோதிடம் பார்க்கிறவர்கள் பேச்சை முடித்துக்கொள்வார்கள். அவள் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு நட்சத்திரமும் கண்ட ரஜ்ஜு. பொண்ணுக்கு ஆகாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அம்மாவிடம், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒரே பொண்ணு" என்றார். குரல் உடைந்திருந்தது. தர்ஷினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி மாதம் முழுக்கக் கட்டிய என் சன்னலோர வீடு, மேசை, கோப்பை எல்லாம் கண்ணெதிரே காணாமல் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே.

அம்மாதான் எழுந்தாள். "அஸ்தமா? யாரு அஸ்தம்? வருஷா வருஷம் கோயில்ல உத்திரத்துக்கு அர்ச்சனை பண்ணிட்டு வரேன், அதெல்லாம் எவன் கணக்குல போச்சு?"

"கம்ப்யூட்டர்தானேம்மா சொல்லுது" என்றார் அவள் அப்பா. "அதுவும் உங்க பையன் போட்டுக் குடுத்த கம்ப்யூட்டர். அவருக்குத் தெரியாததா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் மானமா, கல்யாணமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஒரே கணம்தான்.

"இவனுக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுங்க! வீட்டு டிவியில நெட் போச்சுன்னா நான்தான் சரி பண்றேன். இவன் லாரி புக் பண்றவன் லா!"

"உண்மையா தம்பி?" என்றார் அவள் அப்பா.

"நல்லா புக் பண்ணுவேன் அங்கிள்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"கொஞ்சம் நகருங்க" என்றாள் தர்ஷினி. நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "ஊர்னு ஒரு கட்டம் இருக்குப்பா. இவரு அதத் தொடவே இல்ல. அதுவா சென்னைன்னு போட்டுக்கிச்சு." அம்மாவிடம் திரும்பி, "ஆன்ட்டி, இவரு சென்னையிலயா பொறந்தாரு?" என்றாள்.

"சென்னையா? அங்க இவன் காலே வெச்சதில்ல. இங்கதாம்மா பொறந்தான்!"

சென்னை மணிக்கும் சிங்கப்பூர் மணிக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். உத்திரம் முடிகிற ஓரத்தில் பிறந்த என்னை அந்த இரண்டரை மணி நேரம் அஸ்தத்துக்குள் தள்ளிவிட்டிருந்தது. (அவள் திருவோணம் எந்த ஊரில் போட்டாலும் அசையவில்லை. ஆளும் அப்படித்தான்.) ஊரை மாற்றி அழுத்தினாள். உத்திரம். ரஜ்ஜு: உண்டு. அம்மா "முருகா" என்று சோபாவில் சாய்ந்தாள்.

அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டரும் தெரியாது. அப்புறம் ஆடி பூரா வாராவாரம் எதுக்கு தம்பி வந்தீங்க?"

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? "தர்ஷினியப் பாக்கத்தான் அங்கிள்" என்றேன்.

அவர் குட்டிப் பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் கம்ப்யூட்டர் திரையிலேயே கண்ணாக இருந்தாள், காது மட்டும் சிவந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்:

"கல்யாணத்துக்கு வாழைமரம் கிராஞ்சித் தோட்டத்துலேர்ந்து ஏத்திட்டு வரணும். லாரி கிடைக்குமா மாப்பிள்ள?"

அடுத்த வாரமே தர்ஷினி போய் ஒரு பெரிய பெட்டி வாங்கிவந்தாள். விண்டோஸ், சிடி போடுகிற வாயோடு. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் எந்த மெஷின், எந்த சிஸ்டம் என்பதெல்லாம் அவள் முடிவு. பெட்டியைத் தூக்கிவருவது நான். மாமனார் வீட்டுச் சொந்தத்தில் எனக்கு 'சென்னை மாப்பிள்ளை' என்று பெயர் நிலைத்துவிட்டது. விவரம் தெரியாதவர்கள் ஊர் விசாரிப்பார்கள். விளக்கம் சொல்ல அலுத்து, நானும் "திருவல்லிக்கேணி பக்கம்" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "சென்னையிலேர்ந்து எப்ப இங்க வந்தீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி எட்டிப் பார்த்து, கதை முழுவதையும் சொல்லி அவரைப் புரையேறும்வரை சிரிக்க வைத்தாள். கடைசியில், "இவரு அங்க இருந்தது கொஞ்ச நேரம்தான் அங்கிள், எங்கப்பா கம்ப்யூட்டர்ல" என்றவள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கொஞ்ச நேரத்துல எனக்கு உசுரே போயிடுச்சு."

இத்தனை வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்ற வந்தவர், "சார், இலை" என்றார்.