பிணத்தின் முகத்தை வெட்டாதீர்கள், அத்தான்

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மேடையில் செத்துச் செத்தே பெயர் வாங்கிய உங்கள் மைத்துனன், உயிரோடும் நலத்தோடும் எழுதுவது. உங்களுக்குத் தங்கை முறையான என் வீட்டுக்காரியும் சுகம். அக்காவின் முட்டிவலி இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் வந்த வழியே போயிருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் நன்றி. எங்கள் கொலை நாடகத்தைப் படமாக எடுக்க வந்த டைரக்டர், "பிணம்தானே, பொம்மை போதும்" என்று என்னைக் கழற்றிவிட்டார். நம்ம துப்பு அண்ணன், அதாவது துப்பறிவாளராக நடித்து நடித்துச் சொந்தப் பெயரே எல்லாருக்கும் மறந்துபோன நம்ம பெரியவர், அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வாயைத் திறந்து, அப்படியே இருந்தாராம். ஒரு வசனமும் வரவில்லையாம். படத்தை வெட்டித் தொகுக்கிற நீங்கள்தான், "மேடையில படுத்தவனையே கூப்பிட்டுப் பாருங்களேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். கார் அனுப்பிக் கூப்பிட்டார்கள், அத்தான். என் வீட்டுக்காரி வாசலில் நின்று, தெருவே பார்க்கிற மாதிரி கையசைத்தாள். இந்த நன்றியை நான் எந்தக் காலத்தில் தீர்ப்பேன்?

படப்பிடிப்பு நடக்கிற வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் என் சோபாவைக் காணோம். மேடையில் அதற்குப் பின்னால்தான் விழுந்து கிடப்பேன், ஜனங்களுக்கு என் இரண்டு கால் மட்டும் தெரியும். இங்கே இடைஞ்சல் என்று அதைத் தூக்கிவிட்டு, காமிராவை என் மூக்குக்கு நேரே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். உங்களிடம் மறைத்து என்ன பயன், துப்பு அண்ணனுக்கு வயதாகிவிட்டது, வசனம் மனதில் நிற்பதில்லை, சில வருஷமாகச் செத்துக் கிடந்தபடியே நான்தான் எடுத்துக் கொடுத்துவருகிறேன். பழக்கதோஷம், காமிரா முன்னாலும் எடுத்துக் கொடுத்தேன், அவரும் பொழிந்து தள்ளினார், டைரக்டர் பூரித்துப்போனார். அப்போது பார்த்து ஒலிப்பதிவுக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "சார், வீட்டுக்குள்ள இன்னொரு ஆள் இருக்கான், முணுமுணுக்கிறான்" என்றார். அவ்வளவுதான், விளக்குப் பிடிப்பவர் முதல் டைரக்டர் வரை கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் தேட, துப்பு அண்ணனும் பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, எல்லாரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள், பிணத்தை யார் சந்தேகப்படுவார்கள், நானும் யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லையே என்று கிடந்தேன். கடைசியில் மேக்கப் போடுகிற அம்மாதான் என் உதட்டுக்கு நீலம் பூச வந்து, "எத்தனை தடவை பூசினாலும் கலையுதே, இந்தப் பிணம் என்ன ஓயாம பேசுதா?" என்று கண்டுபிடித்தார்.

டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். துப்பு அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி, அந்தக் குரலை எடுத்துடலாம். உதடு அசையறதை எடிட்டிங்ல பார்த்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு டைரக்டர் போய்விட்டார். அந்த எடிட்டிங் உங்கள் கையில் இருக்கிறது. கல்யாணமான நாளாக என் வீட்டுக்காரி முன்வரிசையில் உட்கார்ந்து என் காலைத்தான் பார்த்திருக்கிறாள். "இந்தத் தடவை முகம் வருது" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. உதடு கொஞ்சம் அசைந்தால்தான் என்ன, ஏதோ சொல்ல வந்து பாதியில் செத்திருக்கிறான் பாவம் என்று ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள். தயவுபண்ணி அந்த முகத்தில் கத்தரியை வைத்துவிடாதீர்கள்.

அக்காவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் கையும் கண்ணும் நூறு படம் காண வேண்டும்.

என்றும் நன்றி மறவாத,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை என் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். "உங்க உதடு தெரிஞ்சா துப்பு அண்ணன் வசனம் மறந்ததும் தெரிஞ்சுபோகுமே. முதல் நாள் மேடையில உங்களுக்குக் கால் நடுங்கினப்ப, 'நிக்க வரலேன்னா படுத்துக்கோடா, நான் பார்த்துக்கறேன்'னு சொன்னது யாரு?" என்று கேட்டாள். அவர்தான், அத்தான். மற்றவர்களெல்லாம் என்னை வீட்டுக்கு அனுப்பச் சொன்னபோது, அவர் ஒருத்தர்தான் அப்படிச் சொன்னார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். முகத்தைச் சுத்தமாக வெட்டிவிடுங்கள், கால் மட்டும் இருக்கட்டும். இடது சாக்ஸில் ஒரு ஓட்டையை அவள் பச்சை நூலால் தைத்திருக்கிறாள், அது மட்டும் தெரிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். தியேட்டரில் அதைக் காட்டி, "இவர்தான்" என்று தெருவுக்கு அவளே சொல்லிக்கொள்வாளாம்.